செவேரோவின் முன்பல்லும் நிதியின் சொந்த ஊகமும்

ஊதுகருவிக் கலைஞர் பரஸ்பர சேமிப்பு நிதியில் பணம் போடுவது சுலபம். கதவைத் திறந்துவிட ஆள் வருவான், நாற்காலி வரும், நெலிதா என்கிற கவுண்டர்ப் பெண் பல் தெரியச் சிரிப்பாள். எடுக்கப் போகும்போதுதான் அது நிதி என்பதே நமக்குப் புரியும். ஒருரோ நகரத்தில் பாண்டு வாத்தியம் வாசிக்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். சொல்லிவிட்டு மறுபடியும் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவான், அது வேறு விஷயம்.

நான் ஊதுகிறவன் இல்லை, பெரிய முரசு அடிக்கிறவன். ஆனாலும் உறுப்பினன். விதிகளில் என்னை 'துணை ஊதுநர்' என்று சேர்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு பெயர் வைக்க ஒரு பொதுக்குழுவும் அதில் ஒரு கைகலப்பும் தேவைப்பட்டதாம்.

எங்கள் வருமானம் கார்னிவலுக்கு வரும். அக்கம்பக்கத்து ஊர்களின் மாதா திருவிழாக்களுக்கு வரும். நடுவில் வராது. வந்தால் நிதியில் போடுவோம், வராவிட்டால் எடுப்போம், ரொம்பவே வராவிட்டால் அடுத்த கார்னிவலைக் காட்டி, போட்டதற்கு மேலேயே முன்பணம் வாங்குவோம். இதற்கு மாதமும் கிடையாது, தேதியும் கிடையாது. பழைய நிர்வாகி இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை.

என் கூட்டாளி செவேரோ கோல்கே டிராம்போன் ஊதுகிறவன். கார்னிவலின் முன்னோட்ட ஊர்வலத்தில் அவனுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒருவன், பீப்பாய் மாதிரி உடுப்போடு, தன்னைத் தானே படம் எடுக்க நடுத்தெருவில் நின்றுவிட்டான். ஊதிக்கொண்டே வந்த செவேரோ நிற்கவில்லை. டிராம்போன் ஆட்டக்காரனின் உடுப்பில் முட்டி, அதன் ஊதுமுனை செவேரோவின் வாய்க்குள்ளேயே போனது. மேல்வரிசை முன்பல் இரண்டும் தெருவில். அந்த ஆட்டக்காரனின் படம் மட்டும் நன்றாக வந்ததாம், ஓரத்தில் பல் பறப்பதுகூடத் தெரிகிறதாம்.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். டிராம்போன்காரனுக்குச் சொல்லோடு சோறும் போச்சு. பாண்டு தலைவர் எவுலோஹியோ நல்ல மனுஷன்தான், ஆனால் பாண்டு தலைவர்.

"கார்னிவலுக்குள்ள பல்லோட வந்துடுடா செவேரோ. வரலேன்னா பொத்தோசிலேர்ந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படாதே" என்றார்.

பல் மருத்துவர் அசையாத பல் கட்டித் தருவதாகச் சொன்னார். முழுப் பணமும் முதலில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பணத்துக்கு என்ன, நிதியில் இருக்கிறதே என்று நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். செவேரோ பேசுவதில் பாதி காற்று என்பதால் பேச்சு என் பொறுப்பு. அவன் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் காற்றைக் கழித்தபின் மிச்சமாக நின்றது.

நெலிதா கணினியைப் பார்த்தாள். உறுப்பினரை மரியாதைக்கு 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவாள். "இருக்கு தோன் செவேரோ. பல்லுக்கும் போதும், பல்லு கட்டினப்புறம் கடிச்சுத் தின்ன ஒரு முழு ஆட்டுக்கும் போதும்."

"அப்போ குடும்மா" என்றேன்.

"குடுக்க முடியாதே. உங்க வருவாய் விகிதம் தெரியலையே!"

விஷயம் இதுதான். புது நிர்வாகி வால்தோ உர்கீதி சாந்தா குரூசுக்குப் போய் ஏதோ பயிற்சி முடித்து, ஒரு கழுத்துப்பட்டையும் 'வெளிப்படைத்தன்மை' என்கிற ஒரு வார்த்தையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊரில் பட்டம் வாங்கியவரை லிசென்சியாதோ என்று கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. நான் கேட்கும்படியாகவே கூப்பிட்டேன்.

"லிசென்சியாதோ, இவனுக்கு விகிதமெல்லாம் வேணாம். பல்லுதான் வேணும்."

"அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க" என்றார் வால்தோ, எழுந்து நின்று, எதிரில் இரண்டே பேர் இருப்பதை மறந்து. "பணம் குடுக்கிறது எந்தப் பெட்டிக்கடைக்காரனும் செய்யற வேலை. விகிதம் குடுக்கிறது ஒரு நிறுவனத்தாலதான் முடியும். தன்னோட பணம் என்ன வேகத்துல வளர்ந்துச்சுன்னு தெரியாமலே ஒரு மனுஷன் அதை எடுத்துட்டுப் போறான்னா, அது அவனுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! அந்த அவமானத்துலேர்ந்து உங்களை எல்லாம் காப்பாத்தத்தான் பணம் குடுக்கிறதையே நிறுத்தி வச்சிருக்கேன்."

செவேரோ அவருக்கு நன்றி சொன்னான். பல் இல்லாததால் அது வசவு மாதிரி கேட்டது. எனக்கு அதில் திருப்திதான்.

கணக்குப் போட வேண்டியவன் லிம்பர் என்கிற கணினி இன்ஜினியர். நல்ல பையன், முதுகெலும்புதான் இன்னும் வரவில்லை. "மாசாமாசம் ஒழுங்காப் போட்டா சட்டுனு போட்டுடலாம். நீங்க கண்ட தேதியில போட்டுக் கண்ட தேதியில எடுத்திருக்கீங்க. இதுக்குன்னே ஒரு லிப்ரேரியா இருக்கு. இறக்கிட்டேன். இலவசம்" என்றான்.

உலகத்தில் எவனோ ஒருவன் எழுதி வைத்த கணக்கு நிரல்களைக் கணினிக்காரர்கள் நூலகம் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கணினிக்காரர்கள் அவசரத்தில் அதை லிப்ரேரியா என்று பெயர்த்துவிட்டார்கள். லிப்ரேரியா என்றால் புத்தகக் கடை. உள் தணிக்கையாளர் செனோபியா அராந்சிபியா அம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. சட்டம் படித்தவர், ஆகவே எங்கள் ஊர் வழக்கப்படி அவர் 'டாக்டர்'.

"எந்தப் புத்தகக் கடை? ரசீது எங்கே?"

"கடை இல்லீங்க டாக்டர். இது சும்மா பேரு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது."

"கடை இல்ல. ரசீது இல்ல. காசும் குடுக்கல. ஆனா சாமான் மட்டும் உள்ளே வந்துடுச்சு. இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேருன்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

கடத்தல் என்று பெயர், லிம்பருக்கும் தெரியும். கடைசியில் சந்தைக்கு எதிரே இருக்கிற புத்தகக் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். எங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் புத்தகம் கிடைக்காது. பென்சில், பசை, பள்ளிக்கூடச் சாமான்தான். காம்பஸ், பாகைமானி எல்லாம் வைத்த ஒரு ஜாமெட்ரிப் பெட்டி வாங்கினார்கள். 'லிப்ரேரியா' என்று தலைப்பு அச்சிட்ட ரசீது வந்தது. அம்மாள் அதைத் தடவிப் பார்த்து, இப்போதுதான் மனசு ஆறிற்று என்றார்.

அதோடு விட்டார்களா? புதிதாக எது வந்தாலும், லாரியாகட்டும் கோழிக்கூண்டாகட்டும், அதன்மேல் மது தெளித்து, காகிதத் தோரணம் சுற்றி, பூமித்தாய் பச்சமாமாவுக்கும் ஒரு வாய் ஊற்றுவது எங்கள் வழக்கம். நூலகமோ கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஜாமெட்ரிப் பெட்டியை மேசைமேல் வைத்து அதற்குத் தெளித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வால்தோ கணினியின்மேலும் தாராளமாகத் தெளித்தார். பாதிரியார் மந்திரித்தார். எங்கள் பாண்டு இலவசமாக வாசித்தது, உறுப்பினர் கடமையாம். செவேரோ டிராம்போனை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். விழா முடிந்தபோது விசைப்பலகை செத்திருந்தது. புதியது வாங்க மூன்று கடைகளில் விலைப்பட்டியல் கேட்க வேண்டும் என்று செனோபியா அம்மாள் சொல்லிவிட்டார், ஆகவே அதற்குள் கிறிஸ்துமஸ் போய்விட்டது.

கடைசியில் ஒரு நாள் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். செவேரோ போட்டதும் எடுத்ததும் எல்லாம் ஏற்றியாயிற்று. லிம்பர் ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு கேள்வி வந்தது: 'தொடக்க ஊகம்?'

வால்தோவின் முகம் மாறிவிட்டது. "என்ன கேக்குது இது?"

"ஊகம் கேக்குது லிசென்சியாதோ. கண்ட தேதிக் கணக்குக்கு நேர்வழி கிடையாது. முதல்ல நாம ஒண்ணு குத்துமதிப்பா சொல்லணும். அங்கேர்ந்து இருட்டுல சுவத்தைத் தடவுற மாதிரி தடவித் தடவி விடைக்குப் போகும். நாம ஒண்ணும் சொல்லலேன்னா அதுவே பத்து சதவீதம்னு எடுத்துக்கும்."

"அந்தப் பத்தை யார் வச்சது?"

"எழுதினவன்."

"அவன் நம்ம நிதியில உறுப்பினரா?"

"இல்லீங்க."

"பாத்தீங்களா அநியாயத்தை!" வால்தோ மேசையைத் தட்டினார். ஜாமெட்ரிப் பெட்டி குதித்தது. "ஒருரோ எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத எவனோ ஒருத்தன் ஊகிப்பான், அதை வச்சு நம்ம ஆளோட விகிதத்தைப் போடணுமா? சண்டையில தோத்து நம்ம நாட்டுக்குக் கடல் போச்சு. சுரங்கத்து வெள்ளி போச்சு. தகரம் போச்சு. ஊகமாவது நம்ம சொந்த ஊகமா இருக்கட்டும்!"

அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். செவேரோவும் தட்டினான், பழக்கதோஷம்.

ஆனால் நிதியின் விதிகளில் 'பொறுப்பாளர் எவரும் உறுப்பினர் பணம் குறித்து ஊகம் செய்யலாகாது' என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருத்தப் பொதுக்குழு கூடியது. தலைவர் தோன் இலாரியோன், ஒருகாலத்தில் டியூபா ஊதியவர், இப்போது மூச்சு விடுவதையே வேலையாக வைத்திருப்பவர், எழுந்து பேசினார்.

"சகோதரர்களே, இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து நான் ஒரு தடவைகூட ஊகிச்சது கிடையாது. யோசிச்சதும் கிடையாது. எனக்கு முன்னாடி இருந்தவரு என்ன செஞ்சாரோ அதைத்தான் செஞ்சேன், அதுலயும் பாதிதான் செஞ்சேன். அதனாலதான் இந்த நிதி இன்னிக்கும் ஆடாம அசையாம நிக்குது. இப்ப இந்த வயசுல என்னை ஊகிக்கச் சொல்றீங்க. உறுப்பினருக்காக அந்தத் தியாகத்தையும் செய்யறேன். கூட்டத்துக்கு வர்றதுக்குப் படிப்பணம் எவ்வளவுன்னு மட்டும் முடிவு பண்ணிடுங்க."

முடிவு பண்ணினார்கள். ஊகக் குழு என்று ஒன்று அமைந்தது. தலைவர், நிர்வாகி, தணிக்கையாளர் என மூன்று பேர். கூடும்போதெல்லாம் படி, நடுவில் அப்பி என்கிற சூடான சோளப் பானமும் பொரித்த பலகாரமும். யாரும் முதலில் ஊகிக்கத் தயாராக இல்லை. தவறாகப் போனால் யார் தலையில் விழும் என்று பயம். ஆகவே வெளி ஆலோசகர் ஒருவரை அமர்த்தினார்கள். கோகா இலை போட்டுக் குறி சொல்கிற அம்மாள். அவள் இலையை விரித்தாள், செவேரோவைப் பார்த்தாள், "பணம் வருது, ஆனா சுத்தி வருது" என்றாள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, அதைப் பார்க்கத் தனிக் கட்டணம் என்றாள். மூன்று பேரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். இவ்வளவு நேர்த்தியான ஆலோசகரை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

செவேரோ கஞ்சியில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். தினமும் டிராம்போனை எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பான். வருகிற சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் அழும். பொத்தோசிக்காரன் வந்து சேர்ந்துவிட்டான் என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கார்னிவலுக்குள்ள ஆயிடும்லடா?" என்று என்னிடம் கேட்டான்.

"ஆயிடும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒருவழியாக மூன்று பேரும் தனித்தனியே சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. யார் எதை எழுதினார் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். லிம்பர் முதல் சீட்டில் இருந்ததைக் கணினிக்குக் கொடுத்தான். நூலகம் தடவித் தடவிப் போய்ச் சொன்னது: ஆண்டுக்குப் பதினோரு சதவீத லாபம். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இரண்டாவது சீட்டு: முப்பது சதவீத நஷ்டம். மூன்றாவது சீட்டு: நூறு சதவீத லாபம்.

"எது சரி?" என்றார் வால்தோ.

"மூணும் சரிதாங்க" என்றான் லிம்பர். "போட்டு, எடுத்து, முன்பணமும் வாங்கி, மறுபடி போட்டிருக்காரு. இப்படி உள்ளயும் வெளியயும் மாறி மாறிப் போன பணத்துக்கு ஒரு விடைக்கு மேல வரலாம். கணக்கோட சுபாவம் அது. எங்கேர்ந்து தடவ ஆரம்பிக்கிறமோ அதுக்குப் பக்கத்துல இருக்கிற விடையில போய் முட்டிக்கும்."

நான் எழுந்து நின்றேன். "தம்பி, இந்த மூணுல எதை எடுத்தாலும் இவனோட இருப்பு மாறுமா?"

"இருப்பு எப்படிங்க மாறும்? அது அப்படியே இருக்கு."

"அப்போ அதைக் குடுத்துட்டு நீங்க ஆயுசு முழுக்க ஊகிச்சுக்கிட்டே இருங்களேன்யா!"

மாதா கோயிலுக்குள் எச்சில் துப்பியவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்கள். துணை ஊதுநர்களுக்கு ஊகக் குழுவில் பேசும் உரிமை இல்லை என்று தலைவர் நினைவூட்டினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலைவதற்குப் படி வாங்குகிறவர்களை அங்கேதான் பார்த்தேன்.

நூறு சதவீதம் ஆண்டறிக்கைக்கு அழகாக இருக்கும் என்றார் வால்தோ. நஷ்டத்தை அறிவித்தால் ஒருவனும் பணம் கேட்டு வர மாட்டான், அதுதான் நிதிக்குப் பாதுகாப்பு என்றார் தலைவர். செனோபியா அம்மாள் இரண்டு பேரையும் அடக்கி, நஷ்டத்தைக் கழித்தலாக வைத்து மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கச் சொன்னார். இருபத்தேழு வந்தது.

லிம்பருக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் முதுகெலும்பு முளைத்தது. "டாக்டர், பதினொண்ணும் சரி, முப்பதும் சரி, நூறும் சரி. இந்த இருபத்தேழு மட்டும்தான் நிச்சயமா தப்பு."

"நிச்சயமான்னு சொன்னே இல்ல?" என்றார் அம்மாள். "இவ்வளவு நாளா நாங்க தேடினது அந்த நிச்சயத்தைத்தான் தம்பி."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செவேரோவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சான்று கொடுத்தார்கள். அப்படியே சுவரோரமாக நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். படம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை; எடுத்தால் சீக்கிரம் பணம் வரும் என்று நினைத்தான். சான்றைத் தூக்கிக்கொண்டு நேராகக் கவுண்டருக்கு ஓடினோம்.

நெலிதா தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு நகத்தைக் கடித்தாள். "தோன் செவேரோ, நீங்க இப்ப பணம் எடுக்கறீங்க இல்ல? அது புது எடுப்பு. அதைச் சேத்துக்கிட்டா விகிதம் மாறிடும். விகிதம் மாறினா இந்தச் சான்று செல்லாது. செல்லுபடியாகிற சான்று இல்லாம எடுக்க முடியாது."

"அப்போ எப்பத்தான்மா எடுக்கிறது?"

"எடுக்காம இருக்கிற வரைக்கும் இந்தச் சான்று செல்லும்" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

வால்தோவே வெளியே வந்து செவேரோவின் தோளில் கை போட்டார். "இருபத்தேழு சதவீதம் வாங்கற மனுஷன் பணத்தை எடுப்பானா தோன் செவேரோ? ஊர் சிரிக்காதா? பேப்பர்ல வேற குடுத்தாச்சு. நீங்க இப்ப வெறும் உறுப்பினர் இல்ல. நீங்க ஒரு முன்மாதிரி."

செவேரோ அங்கேயே நின்று அழுதான். பல் இல்லாத வாய் அழும்போது பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வந்துவிடும் என்பார்கள். எனக்கு வரவில்லை. அந்தக் கண்ணாடிச் சட்டத்தை வாங்கி அந்த ஆளின் கழுத்துப்பட்டைமேல் உடைக்க வேண்டும் போல் வந்தது. உடைக்கவில்லை. என் பணமும் அங்கேதான் கிடக்கிறது.

மறுவாரம் நிதியின் மாடியிலிருந்து கீழ்வாசல் வரை ஒரு படம் தொங்கியது. செவேரோ! 'ஆண்டுக்கு இருபத்தேழு! நானே சாட்சி!' என்று மேலே எழுதியிருந்தது. பொக்கை வாய் விளம்பரத்துக்கு ஆகாது என்று லிம்பரைவிட்டுக் கணினியிலேயே பல் வரைந்திருந்தார்கள். முன்பல் இரண்டும் சும்மா முத்து மாதிரி இருந்தன. அன்று முதல் நிதி வாசலில் வரிசை. அப்பி விற்கிறவள், கசாப்புக்காரன், வாத்தியத்தைத் தொட்டே பார்க்காதவன் என்று எல்லோரும் துணை ஊதுநராகிப் பணம் போட்டார்கள்.

கார்னிவல் சனிக்கிழமை வந்தது. பொத்தோசிக்காரன் டிராம்போன் ஊதினான், வஞ்சகமில்லாமல் நன்றாகவே ஊதினான். எவுலோஹியோ மனசு கேட்காமல் செவேரோவின் கையில் ஒரு ஜோடி தாளத்தைக் கொடுத்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் விட்டிருந்தார். கூலி பாதி. அவன் கழுத்துத்துணியை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும், முன்னால் போகிற டிராம்போனையே பார்த்துக்கொண்டு நடந்தான். அந்தக் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை, முரசின் தோலைப் பார்த்தே அடித்துக்கொண்டிருந்தேன்.

நிதிக் கட்டடத்துக்கு நேரே வரும்போது ஊர்வலம் தேங்கி நின்றது. மேல்மாடியில் ஊகக் குழு மூன்றும் மாலையோடு உட்கார்ந்திருந்தது. கீழே அப்பிக்காரி பெத்ரோனா, வாய்க்கு வாய் கேலி பேசுகிறவள், தொங்குகிற படத்தையும் தாளக்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ செவேரோ! நீதானே அது? யப்பா, பல்லு என்னமா ஜொலிக்குது! எங்கேய்யா போட்டே?"

செவேரோ தாளத்தை என்னிடம் கொடுத்தான். துணியைக் கழுத்துக்கு இறக்கினான். வாயை நன்றாகத் திறந்து முதலில் அவளுக்குக் காட்டினான், பிறகு நிமிர்ந்து மாடிக்குக் காட்டினான்.

"அவங்ககிட்டத்தான் போட்டிருக்கேன் பெத்ரோனா! எடுக்கத்தான் முடியல!"

தெருவே சிரித்தது. பெத்ரோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையிலிருந்த குவளை தளும்பியது. பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றது.

"எடுக்க முடியாதா?" என்றாள். "நான் நேத்துதானேய்யா கொண்டுபோய்ப் போட்டேன்?"

செவேரோ துணியை மறுபடி மூக்கு வரை இழுத்துக் கட்டினான். மாடியில் வால்தோ எழுந்து நின்று, சிரிப்பெல்லாம் தனக்குத்தான் என்று நினைத்து, அவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.